தேயாத கிசுகிசுப்பு

வண்டிக்குளத்தில் பூங்கோதை மஹால் கட்டி முடிந்ததும் அதில் நடந்த முதல் விசேஷம் பிரமநாயகியின் நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பெண்ணாக உட்கார்ந்திருந்த அவள் தன் அம்மாவின் காதருகே குனிந்து, மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகச் சொன்ன ஒரு பேச்சு, மற்ற சத்தங்களைப் போல அங்கேயே அடங்கிப்போகாமல், பளிங்குத் தரையில் பட்டு, கண்ணாடிச் சுவரில் பட்டு, மேலே குவிமாடத்துக்கு ஏறி, அங்கே வளைந்து வளைந்து சுற்றி, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு வெற்றிலை போட்டு வீட்டுக்குப் போன பிறகும் இறங்காமல் தங்கிவிட்டது.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு வேண்டாம்மா."

அம்மா அவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்தாள். "நிமிந்து உக்காருட்டி, எல்லாரும் பாக்காக" என்றாள். தாம்பூலத் தட்டு மாறியது. மண்டபத்தைக் கட்டிய ஆவுடையப்பனின் ஒரே மகன் கோமதிநாயகத்துக்கு அவளைக் கொடுப்பதென்று முடிவானது. அடுத்த நல்ல முகூர்த்தத்தில் அதே மேடையில் கல்யாணமும் நடந்தது. ஊரெல்லாம் பிரமு என்று கூப்பிடும் அவள், மண்டபத்துக்குப் பின்சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாள்.

கோமதிநாயகம் கெட்டவனில்லை. மண்டபத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான், நாற்காலியை அவனே தூக்கிப் போடுவான், சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான், பிரமுவிடம் குரலை உயர்த்தியதில்லை, அவளிடம் எதையும் கேட்டதுமில்லை.

மண்டபம் ஆரம்பத்திலிருந்தே சத்தத்துக்குப் பேர்போனது. சுற்றிலும் கல்லும் கண்ணாடியும், மேலே கவிழ்த்த பானை மாதிரி ஒரு குவிமாடம். அதற்குள்ளே ஒருவன் இருமினால் நாலு பேர் இருமியது போலிருக்கும். பந்தியில் சாம்பார் கேட்டவனுக்குப் பாயசம் வரும். மைக்கில் யாராவது வாழ்த்திப் பேசினால் முதல் சொல்லின் மேல் ரெண்டாவது சொல் ஏறி, ரெண்டாவதின் மேல் மூன்றாவது ஏறி, கடைசியில் என்ன சொல்லி வாழ்த்தினார் என்பது அவருக்கே தெரியாமல் போகும். இந்த இரைச்சலுக்குள்ளே பிரமுவின் அந்த ஒரு பேச்சு யார் காதிலும் விழாமல் பல முகூர்த்தங்கள் கழிந்தன.

அது கேட்டது ஒரு வரவேற்பில். கரண்ட் போனது, ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை, பாட்டு நின்றது, மின்விசிறிகள் நின்றன, இருட்டைப் பார்த்துக் குழந்தைகள்கூட ஒரு விநாடி வாயை மூடின. அந்த இடைவெளியில் மேலிருந்து இறங்கியது போலவும் பக்கத்திலிருந்து சொன்னது போலவும், மெதுவாக, மிகத் தெளிவாக வந்தது.

"எனக்கு வேண்டாம்மா."

மண்டபத்தில் இருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் திரும்பித் தத்தம் பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

பின்வாசலில் நின்ற பிரமு தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது.

ஊர் இதைப் பார்த்து மலைக்கவில்லை. ஒரு தெருவில் குழாயில் உப்புத் தண்ணி வர ஆரம்பித்தால் எப்படி அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொண்டார்கள். சத்தம் எப்படித் தங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது யாருடையது என்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு பகலில் வந்து குவிமாடத்துக்குக் கீழே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வெளியே வந்து, திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிற மகளுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கியாட்டி?" என்றார்கள். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அப்படிக் கேட்டிராத அம்மா கேட்டதும் சில மகள்கள் பதறினார்கள், சிலர் அழுதார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வேண்டாம்னா போ" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஓடின. ஆண்கள் டீக்கடையில் மற்றவன் வீட்டுப் பெண்களின் பேரைச் சொல்லிப் பார்த்தார்கள். தன் வீட்டுப் பெண்களின் பேரை ஒருவனும் சொல்லவில்லை. வயதான பெண்கள் சிலர் மண்டபத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் பிரமுவின் மாமியார் வடிவும் ஒருத்தி. கேட்டால் முட்டுவலி என்பாள்.

பிரமு பேச்சைக் குறைத்தாள். முதலில் கிசுகிசுப்பதை விட்டாள், பிறகு மெதுவாகப் பேசுவதை விட்டாள், அப்புறம் "வேண்டாம்" என்ற சொல்லையே விட்டாள். சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டால் தட்டின் மேல் கையை விரித்துக் காட்டினாள். அம்மாவை "அம்மா" என்று கூப்பிடப் பயந்து, போனில் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அன்னைக்கு நிச்சயதார்த்தத்துல நான் ஒன்ட்ட ஒண்ணு சொன்னேம்லா. ஒனக்குக் கேட்டுச்சா?"

அந்தப் பக்கம் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலட்டி" என்றாள் அம்மா.

நிச்சயதார்த்தத்துக்கு மேளம் வைக்கவில்லை. பிரமு அதைச் சொல்லாமல் போனை வைத்தாள்.

மண்டபத்துக்குப் பதிவான முகூர்த்த தேதிகள் ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போனபோது ஆவுடையப்பன் பாளையங்கோட்டையிலிருந்து ஒலியியல் படித்த ஒரு பொறியாளரை வரவழைத்தார். சுகிர்தா என்று பேர், கணீரென்று பேசுகிற பெண். வந்ததும் நடு மண்டபத்தில் நின்று கைதட்டினாள், பலூனை ஊதி உடைத்தாள், அந்தச் சத்தம் எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று ஒரு கருவியில் பார்த்தாள். கிசுகிசுப்பு வந்தபோதும் அதே முகத்தோடு கருவியைப் பார்த்தாள்.

"எந்தச் சத்தமும் சுவர்ல முட்டுறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும் சார்" என்றாள். "துணி, பஞ்சு, மெத்தை மாதிரி சாமான் நிறையக் குடிச்சிரும். கல்லும் கண்ணாடியும் குடிக்காம அப்படியே திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பித் திரும்பி வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதத்தான் எதிர்முழக்கம்னு சொல்லுவோம். ஒங்க ஹால்ல அது ரொம்ப நீளுது. அதைக் குறைச்சிரலாம்."

"அந்தக் கொரலு?" என்றார் ஆவுடையப்பன்.

"அது வேற சார். அது தேயவே இல்ல." சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

காபித் தட்டோடு வந்த பிரமு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"யாரு கொரலுன்னு ஒங்க மிஷினு சொல்லுமா?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"சொல்லாது. கிசுகிசுக்கறப்போ தொண்டை அதிராது, வெறும் காத்துதான் வரும். அதனால எல்லார் கிசுகிசுப்பும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் இருக்கும். சொன்னவங்களா வந்து நான்தான்னு சொன்னாத்தான் உண்டு."

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. அந்தச் சின்னச் சத்தத்தைக் குவிமாடம் வாங்கிப் பெரிதாக்கி நாலு பக்கமும் கொடுத்தது. சுகிர்தா ஒருமுறை தூணைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காபியை எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னபடி வேலை நடந்தது. சுவர்களில் துளை போட்ட பலகைகளை அடித்து உள்ளே கண்ணாடிப் பஞ்சைத் திணித்தார்கள். தரையில் கம்பளம் விரித்தார்கள். கண்ணாடியை மறைத்துக் கனத்த திரைகள் தொங்கின, குவிமாடத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் துணி கட்டினார்கள். வேலை முடிந்த அன்று கோமதிநாயகம் கைதட்டிப் பார்த்தான். தட்டிய கையோடு சத்தம் நின்றது. நாற்காலி இழுபடுகிற சத்தம், செருப்புச் சத்தம், வெளியே போகிற பஸ்ஸின் சத்தம் எல்லாவற்றையும் பஞ்சு குடித்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தபோது, அந்தச் சுத்தமான அமைதிக்கு நடுவில், முன்பு மற்ற சத்தம் அடங்கினால் மட்டும் கேட்ட அது இப்போது மூலை முடுக்கெல்லாம், காதுக்குள்ளே வாயை வைத்துச் சொன்னது போலக் கேட்டது. மற்ற இரைச்சல்தான் அதுவரைக்கும் அதை மூடி வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

காற்றில் போக இடமில்லாமலோ என்னவோ, அது கட்டிடத்துக்குள்ளும் இறங்கியது. மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஒரே பீம், ஒரே கம்பி. சத்தம் காற்றில் மட்டும் போகாது, கான்கிரீட் வழியாகவும் நடக்கும் என்று சுகிர்தா போனில் சொன்னாள். ஒரு மத்தியானம் பிரமு துணி மடித்துக்கொண்டிருக்கையில் படுக்கையறைச் சுவர் அவளிடம் "எனக்கு வேண்டாம்மா" என்றது. கோமதிநாயகம் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தான். கன்னம் சுவரோடு ஒட்டியிருக்க, கண் மட்டும் அவள் பக்கம் இருந்தது.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றான்.

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அன்றிலிருந்து அவன் மண்டபத்துக்குப் போகிற ஒவ்வொரு முறையும், திரும்பி வரும்போது தெரிந்துகொண்டு வருவானோ என்று அவள் பயந்தாள். அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் கோபம் இருக்கிறதா என்று கேட்கப் பழகினாள்.

கடைசியில் ஊர் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. தாலி கட்டுகிற நேரத்தில் வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுவது, அதை அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் கொட்டாமல் காலையிலிருந்து பந்தி முடிகிறவரை விடாமல் கொட்டினால் என்ன என்று யாரோ சொல்ல, அப்படியே செய்தார்கள். தவில்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வாசித்தார்கள். விருந்தாளிகள் ஒருவருக்கொருவர் சைகையில் நலம் விசாரித்தார்கள். வெளியூர்ச் சம்பந்தக்காரர்களிடம், எங்க ஊரில் மேளம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும் என்று சொல்லிவைத்தார்கள். இந்த விஷயத்தை வெளியே விடக்கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லாமலே ஊர் முழுக்கக் கட்டுப்பட்டது, ஏனென்றால் ஏறக்குறைய எல்லார் வீட்டுக் கல்யாணமும் அங்கேதான் நடந்திருந்தது.

அப்படித்தான் சுபாஷினியின் கல்யாணமும் நடந்தது. உரக்கடை வைத்திருந்த குமாரவேலின் மகள் அவள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை வீட்டார் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். பெண் மேடையில் உட்கார்ந்திருந்தாள், ஐயர் மைக்கைப் பெண்ணின் முன்னால் தள்ளிவைத்திருந்தார், தாலித் தட்டு சபையில் எல்லார் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தவிலின் தோல் கிழிந்தது, திடுக்கிட்டு மற்றவர் கையும் நின்றது.

"எனக்கு வேண்டாம்மா."

இதுவரை காதில் மட்டும் விழுந்ததை இந்த முறை மைக் வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தது. ஸ்பீக்கர் தெருவுக்குக் கொடுத்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "பிள்ளைக்குச் சம்மதமில்லன்னா முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"அது என் மக சொல்லல" என்றார் குமாரவேல். "அது இந்த மண்டபத்துச் சத்தம். ரொம்ப நாளா இங்கன இருக்கு."

"மண்டபம் பேசுமோ?"

"பேசல. எப்பவோ யாரோ சொன்னது அப்படியே தங்கிப்போச்சு."

"யாரு சொன்னது?"

குமாரவேல் சுற்றிலும் பார்த்தார். ஊர்க்காரர்கள் எல்லாரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மேடையேறி சுபாஷினியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "யாருட்டி அவன்?" என்றாள். மாப்பிள்ளை தன் மாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் ஒண்ணும் சொல்லல, அத்தை" என்றாள் சுபாஷினி. அவளை அந்த அம்மாள் நம்பவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் நம்பவில்லை. அவமானம் தாங்காமல் குமாரவேலே மகளைப் பார்த்து, "சத்தியமா நீ சொல்லலியே?" என்று கேட்டபோது, அதுவரை அழாத அந்தப் பெண்ணின் கண் நிறைந்தது.

பிரமு பின்வாசலில் நின்றிருந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள நாலு எட்டுதான். மாமனார் முதல் வரிசையில் இருந்தார், கோமதிநாயகம் மைக்செட்காரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கம்பளத்தில் சத்தமே வராமல் நடந்து மேடைக்கு வந்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். எத்தனையோ நாள் கழித்து நாலு பேர் முன்னால் வாயைத் திறந்ததால் முதலில் காற்றுதான் வந்தது.

"அது என் கொரலு" என்றாள். "எனக்கு நிச்சயம் பண்ணுனப்ப நான் எங்க அம்மாட்ட சொன்னது. இந்தப் பிள்ள ஒண்ணும் சொல்லல."

பஞ்சு திணித்த சுவர்கள் அவள் சொன்னதைக் குடித்துக்கொண்டன. எதிரொலி இல்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டது, எல்லாருக்கும் கேட்டது.

ஆவுடையப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோமதிநாயகம் அசையவில்லை. சாத்தூர்த் தாய்மாமன் பிரமுவைப் பார்த்துவிட்டு, "சரி, தப்பா நெனச்சிட்டோம். நேரம் போகுது, மேளத்தக் கொட்டச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா சுபாஷினியின் கலைந்த நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

சுபாஷினி முகத்தை நகர்த்திக்கொண்டாள்.

"காலையில எந்திரிச்சப்ப எனக்குச் சம்மதமாத்தான் இருந்துச்சு" என்றாள். மைக் இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. "இப்ப இல்ல."

மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானே எழுந்து இறங்கிப் போனாள். குமாரவேல் அவளைத் தடுக்க எழுந்தவர், அவள் பக்கத்தில் வந்ததும் என்ன நினைத்தாரோ, வழிவிட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

ஆக்கிய சோற்றை வீணாக்காமல் ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. மேளமில்லாத பந்தி. சாம்பார் கேட்டவனுக்குச் சாம்பாரே வந்தது.

எல்லாரும் போன பிறகு பிரமு மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது வடிவு. வெகுநாள் கழித்து மண்டபத்துக்குள் கால் வைத்தவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே அது வந்து போனது.

"நான் அது என் சத்தம்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் வடிவு. "நானும் ஒரு காலத்துல சொன்னேன். என் கல்யாணம் எங்க வீட்டு முத்தத்துல பந்தல் போட்டு நடந்துச்சு. இங்க எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு விளங்கல." பிரமுவின் தோளைப் பிடித்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் நாற்காலிகளையெல்லாம் மடக்கி அடுக்கினான். அடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் ஆனதும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

"வேண்டாம்னது என்னையா?"

"ஒங்கள அன்னைக்கு எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் பிரமு. "களக்காட்டு மலையில தவளைகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாங்க. அதுல சேர எனக்கு இடம் கெடச்சிருந்துச்சு. மழை பெய்யறப்போ காட்டுல உக்காந்து, சத்தத்த வச்சு எந்தத் தவள எங்க இருக்குன்னு பாக்கணும். அதுக்குப் போறதுக்குள்ள ஒங்க வீட்டுலருந்து கேட்டு வந்துட்டாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

"இப்ப கேக்கேன். இப்பவும் அப்படித்தானா?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். "சரி" என்றான்.

அவள் யோசித்துச் சொன்னது, மழைக்காலம் முழுக்க மலையில் இருந்துவிட்டு வருகிறேன் என்பது. திரும்பி வருவாயா என்று கேட்டதற்கு, "வருவேன்னுதான் நெனைக்கேன்" என்றாள். அந்த "நெனைக்கேன்" என்பதை வைத்துக்கொண்டு கோமதிநாயகம் ஐப்பசியையும் கார்த்திகையையும் கழித்தான். மலையில் போனுக்கு டவர் இல்லை. வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் அவன் எழுந்தான், பஸ் ஹாரன் கேட்டால் சாப்பாட்டில் கை நின்றது. சுவர் வழக்கம்போலத் தன் பேச்சைப் பேசியது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் ஊர் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அந்த மண்டபத்தில் தாலித் தட்டு சுற்றி வந்ததும் மேளத்தை நிறுத்துகிறார்கள். மின்விசிறியை அணைக்கிறார்கள். அந்தக் கிசுகிசுப்பு வந்து போகிறவரை சபை மூச்சடக்கிக் காத்திருக்கிறது. பிறகு பெண்ணின் அம்மா பெண்ணிடமும் பையனின் அம்மா பையனிடமும் குனிந்து ஒன்று கேட்கிறார்கள். பதில் வருகிறவரை ஐயர் தாலியை எடுப்பதில்லை. சில கல்யாணங்கள் நடக்கின்றன, ஒன்றிரண்டு நின்றிருக்கின்றன. இதற்குப் பயந்து பக்கத்து ஊர் மண்டபத்துக்குப் போகிறவர்களும் உண்டு, அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

மார்கழிப் பிறப்பை ஒட்டி ஒரு காலை, களக்காட்டு வண்டியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்கே ஒத்துக்கொள்ளாமல் கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வண்டி வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கூட்டம் கலைந்தது, அவளைக் காணவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான். அப்போது பஸ்ஸின் பின்படியிலிருந்து, பழக்காரர்களின் கூவலுக்கும் கண்டக்டரின் விசிலுக்கும் மேலே, பஸ் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"ஏங்க, எங்க போறீக? இந்தப் பைய வந்து பிடிங்க, கை வலிக்கு."

அவன் ஓடினான்.